பாலிதீன் மேல் போட்ட சீட் கவர்

சீட்டில் ஒரு கீறல் இல்லை. நாய்தான் செத்துப்போயிருந்தது.

சங்கரன்கோவிலில் முப்பது வருஷமாகக் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிறேன். நான் தைத்ததிலேயே சுத்தமான வேலை எதுவென்று யாராவது கேட்டால், அந்த நாய் செத்த கவரைத்தான் காட்டவேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது.

1. புது வண்டி

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு சார் வந்தார். அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். கார் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து சருகாகிவிட்டது, சீட்டில் கம்பெனிக்காரன் போட்டனுப்பிய பாலிதீன் மட்டும் அப்படியே இருந்தது. நம் பக்கத்தில் இது வழக்கம்தான். உட்கார்ந்தால் முதுகு வேர்த்து ஒட்டும், எழுந்தால் சரசரக்கும், ஆனாலும் பிய்க்கமாட்டார்கள். புதுசு புதுசாகவே இருக்கவேண்டுமாம்.

பின்சீட்டில் அவர் மனைவி இருந்தார். பக்கத்தில் ஒல்லியாக, உயரமாக ஒரு சிப்பிப்பாறை நாய். பெயர் சிட்டு. அதற்குத் தோலில் ஏதோ வியாதி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை திருநெல்வேலிக்கு மருந்துக்குப் போகவேண்டும். அந்த அம்மா அதன் முதுகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"நகம் பட்டு சீட்டு கிழிஞ்சிரும்வே. தடி ரெக்ஸின்ல கவர் போட்டுரும். பாலிதீன்ல கை வைக்கக் கூடாது, கேட்டேரா? அதுக்கு மேலயே போடும்" என்றார் சார்.

நாய்க்கு நான் வழக்கமாகத் தைப்பது தொட்டில் மாதிரி இருக்கும். முன்சீட் ஹெட்ரெஸ்டிலிருந்து பின்சீட் ஹெட்ரெஸ்ட் வரைக்கும் கேன்வாஸை இழுத்துக் கட்டினால், நடுவில் கால் வைக்கிற பள்ளம் மூடிவிடும். நாய் உள்ளே விழாது. அதைச் சொன்னேன்.

"முன்சீட்டுல வாரைக் கட்டுனா அங்கன தழும்பு விழும்லா. அதெல்லாம் வேண்டாம். பின்சீட்டுக்கு மட்டும் தையும். நாய் முன்னால தாவாம இருக்க, சாய்மானத்து உச்சியில ஒரு வளையம் வையும். கழுத்துப்பட்டைச் சங்கிலியைக் குட்டையா அதுல மாட்டிருதேன்."

"சார், பாலிதீன் மேல ரெக்ஸின் வழுக்கும்..."

"நீரு நாய் வளத்திருக்கேரா?"

"இல்ல சார்."

"பின்ன என்ன? சொன்னதைச் செய்யும்."

நான் டேப்பை எடுத்துச் சீட்டை அளக்க ஆரம்பித்தேன். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வழுக்குகிற பாலிதீன் மேல் தடி ரெக்ஸினைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடுவது எல்லாருக்கும் வராது, எனக்கு வரும் என்று காட்டவேண்டும் என்கிற திமிர். வளையத்தை வார்ப்பட்டையில் நான்கு வரி தையல் போட்டு, சீட்டின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். "ஆளே தொங்கினாலும் பிய்யாது சார்" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

2. மானூருக்கு முன்னால்

நடந்ததை அந்த அம்மாதான் பிறகு சொன்னார். கவர் போட்டு முதல்முறை திருநெல்வேலிக்குப் போகிறார்கள். "அதான் கவர் போட்டாச்சுல்லா, நீ முன்னால வந்து உக்காரு" என்று சார் சொல்லியிருக்கிறார். சிட்டு முதல்முறையாகப் பின்சீட்டில் தனியாக இருந்தது.

மானூருக்குக் கொஞ்சம் முன்னால் ஆடுகள் ரோட்டைக் கடந்திருக்கின்றன. சார் பிரேக் போட்டார். கவரும் நாயும் சேர்ந்து வழுக்கி, நாய் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. சங்கிலி குட்டை. கால் தரையில் எட்டவில்லை.

பின்னால் சர்சர் என்று சத்தம் கேட்டதாம். "ஏங்க, சிட்டு என்னமோ செய்யுது, வண்டிய நிப்பாட்டுங்க" என்று அம்மா பின்பக்கம் திரும்ப முயன்றிருக்கிறார். பெல்ட் போட்டிருந்ததால் முழுக்கத் திரும்ப முடியவில்லை.

"பிராண்டுது. பிராண்டட்டும், கவர் இருக்குல்லா" என்றாராம் சார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

3. கவரைக் கழற்றிய நாள்

அடுத்த வாரம் கவரைக் கழற்ற வந்தார்கள். சார் குனிந்து சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"உம்ம வேலை சுத்தம்வே. உள்ள பாலிதீன்கூடக் கிழியல."

உண்மைதான். ரெக்ஸினின் முன் விளிம்பில் மட்டும் நகக்கோடுகள் மேலிருந்து கீழாக இருந்தன. மேலே ஏறப் பார்த்திருக்கிறது. வளையம் அசையக்கூட இல்லை, கத்தி வைத்துத்தான் அறுத்தேன்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணாச்சி, இது வழுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"பின்ன ஏன் தச்சீங்க?"

'சார் சொன்னார், தைத்தேன்' என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பாலிதீனை நகத்தால் கிழிக்க ஆரம்பித்தார். "ஏட்டி, என்ன செய்யுத?" என்று சார் அதட்டினார். அவர் நிறுத்தவில்லை. கடைசித் துண்டு வரை கிழித்துக் கீழே போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது நாய்க்கு என்று யார் வந்தாலும் முதலில் பாலிதீனைப் பிய்க்கச் சொல்கிறேன். பள்ளத்தை மூடாமல் கவர் போடுவதில்லை. கழுத்துப்பட்டையைக் கட்ட வளையம் வைப்பதில்லை. நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பெல்ட் வாங்கி வாருங்கள், அதை சீட் பெல்ட் பூட்டில் மாட்ட ஒரு வார் தைத்துத் தருகிறேன் என்கிறேன். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

ஒன்றிரண்டு பேர் அந்த சார் மாதிரியே கேட்கிறார்கள், "நீரு நாய் வளத்திருக்கேரா?" என்று.

"வளத்ததில்ல சார். ஒண்ணக் கொன்னிருக்கேன்" என்கிறேன்.