கடிவாள எழுத்தைத் தின்ற கழுதை

எங்கள் தெரு ஹாவ் கென்ஷிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சீனாவின் ஷான்ஷி மாகாணத்திலேயே எழுத்தை அவரளவு மதித்தவர் கிடையாது. எழுதிய தாள் காலில் மிதிபடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முப்பது வருஷமாகக் கூடையைத் தோளில் மாட்டி, அப்படிப்பட்ட தாள்களைப் பொறுக்கி, கோயில் அடுப்பில் பயபக்தியோடு எரித்து வந்தார். புளிக்காடி விற்கும் கடைச் சீட்டும் காதல் கடிதமும் அவருக்கு ஒன்றுதான்.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஓர் எழுத்து. வண்டிக்காரன் தியூ புத்தாண்டுக்கு வண்டியில் ஒட்டிய சிவப்புத் தாளில் இருந்தது. பள்ளி வாத்தியார் அதை விளக்கியிருந்தார்: இரு பக்கமும் முறுக்கிய பட்டு நூல், நடுவே வண்டி, கீழே குதிரையின் வாய், மொத்தத்தில் கடிவாள வார். தினமும் அதை வாசிக்கவே கென்ஷி அந்த வழியாகப் போவார். வாசித்துவிட்டு எங்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், பண்டிதர்கள் தோற்றுப்போவார்கள்.

மாவுப்பசை ருசியில் தியூவின் கோவேறு கழுதை ஒருநாள் அந்தத் தாளைத் தின்றுவிட்டது. கென்ஷி ஓடிவந்து அதன் வாரைப் பிடித்துக்கொண்டார். உள்ளே எழுத்து இருக்கும்வரை அதைச் சாட்டையால் தொடக் கூடாதாம்.

"யோவ் பெருசு, காடி ஜாடியெல்லாம் ஏத்தியாச்சு. கழுதைய விடுய்யா," என்றான் தியூ.

"எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்டா. அதுவும் இப்ப கழுதை வயித்துல கிடக்கு."

இரண்டு நாள் வண்டிக்குப் பின்னாலேயே கூடையோடு நடந்தார். கழுதை கடமையை முடித்ததும் மூன்று முறை வணங்கி, அள்ளி வந்து, கோயில் அடுப்பில் சேர்த்தார். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது.

பிறகுதான் அவரைப் பயம் பிடித்தது. மறந்துபோனால்? ஒரு குச்சியை எடுத்து, கோயில் வாசல் புழுதியில் எழுதிப் பார்த்தார். பட்டு, வண்டி, பட்டு, வாய். வாழ்நாளில் அவர் எழுதிய முதல் எழுத்து. கோணல்தான்.

அதற்குமேல்தான் சிக்கல். எழுதியதை யாரும் மிதிக்கக் கூடாது. புழுதியை எரிக்கவும் முடியாது. வாசலை மறித்துக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். சாமி கும்பிட வந்தவர்கள் சுவரேறிக் குதித்தார்கள்.

"மாமா, கண்ண மூடிக்கங்க, நான் அழிச்சிடறேன்," என்றேன் நான்.

"தொட்டுப் பாரு. அடுத்து அந்த அடுப்புல நீதான்," என்றார்.

மழை வந்தால் தானாகவே அழிந்துவிடும் என்று ஊர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. பதினோராம் நாள் மழை வந்தது. கென்ஷி சட்டையைக் கழற்றி, எழுத்து நனையாமல் அதன்மேல் விரித்துப் பிடித்தார்.