நாற்றங்கால் ஓரத்து டீ கேன்

அந்த டீ கேனை சூப்பர்வைசர் அக்கா நாற்றங்கால் ஓரமாக இறக்கி வைத்தபோதுதான் என் கணக்கில் இருந்த தப்பு எனக்கு உறைத்தது. போன வருடக் குறுவை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் உழவர் குழுவின் வயல்களில் நடவுக்குப் பக்கத்து ஊர்ப் பெண்களும் வங்காளத்து ஆட்களும் வந்திருந்தார்கள். சண்டை வேண்டாமென்று நான் லேப்டாப்பில் திட்டம் போட்டு வயலை இரண்டு கூட்டத்துக்கும் சரிபாதியாகப் பிரித்திருந்தேன். நியாயம்தானே! மதியத்துக்குள் அது பந்தயமாகிவிட்டது. நாற்றையெல்லாம் அவர்களே அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று பெண்கள் வேலையை நிறுத்திக் கரையேறினார்கள். "அவனுவளையே வச்சுக்க தம்பி. அடுத்த வருசம் எங்கள எதுக்குக் கூப்புடப் போற?" நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது.

குழுவின் செயலாளரை நாங்கள் சூப்பர்வைசர் அக்கா என்போம். திருப்பூர் பனியன் கம்பெனியில் அந்த வேலை பார்த்தவர். பிறகு குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறை. ஊர் திரும்பி பாபநாசத்தில் இட்லிக் கடை. அவர் சமாதானம் பேசவில்லை. டீக்காக இரண்டு கூட்டமும் நாற்றங்காலுக்கு வந்து சேர்ந்ததும், பெண்களைப் பறிக்கச் சொன்னார், வங்காளத்து ஆட்களை நடச் சொன்னார்.

"நாத்து பறிக்கிறது ஆம்பள வேலையில்ல?" என்றாள் ஒருத்தி.

"நடவு பொம்பள வேலைதானே, அவனுவ நடலயா? நீங்க நாத்தப் பறிச்சு முடி முடியா கட்டிக் குடுத்தாத்தான் அவனுவளுக்கு வேலையே. அவசரப்படுத்துனா மெதுவா குடுங்க, நின்னு பாக்கட்டும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதையே உடைந்த இந்தியில் சொன்னதும் அந்தப் பக்கமும் சிரிப்பு. நடவு முடிந்து வண்டியில் திரும்பும்போது, இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "திருப்பூர்ல ரெண்டு லைனுக்கு ஒரே வேலையக் குடுத்தா அடிச்சுக்குவாங்க. ஒருத்தர் வெட்டி ஒருத்தர் தைக்கணும்னா பேசித்தானே ஆவணும்? டீய எங்க வச்சா எல்லாரும் ஒண்ணா வந்து நிப்பாங்கங்கிறது குவைத் அடுப்படியில பாத்தது. நாலு ஊர்ல மாரடிச்சதுக்கு இதாவது மிஞ்சிச்சு." குரலில் பெருமை இல்லை, அலுப்புதான் இருந்தது.

அந்த அலுப்பு இப்போது என்னிடம் வந்துவிட்டது. படுக்கையில் கிடக்கும் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்கா நாகூருக்குப் போய்விட்டார்; இந்த வருட நடவு என் பொறுப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. இன்று காலை அவர் செய்ததை அப்படியே செய்தேன். கேனை அதே இடத்தில் வைத்தேன், பெண்களைப் பறிக்கச் சொன்னேன். "போன வருசம் குனிஞ்ச இடுப்பே இன்னும் நிமிரல. பறியலும் எங்க தலையிலதானா? போ தம்பி," என்று பெண்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

எனக்கென்று திருப்பூரும் குவைத்தும் கிடையாது. இருப்பது காலேஜ் ஹாஸ்டல் மெஸ் கமிட்டி மட்டும். அங்கே சோற்றுக் கூட்டமும் சப்பாத்திக் கூட்டமும் முறைத்துக்கொண்டபோது, வாரம் மாற்றி வாரம் ஒருவருக்கொருவர் பரிமாற வைத்தோம். குறை சொன்னவன் கையிலேயே கரண்டி வந்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது.

நாளை காலை பெண்களை வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். டீ வரைக்கும் ஒரு கூட்டம் பறிக்கும், மற்றது நடும். டீக்குப் பிறகு இடம் மாறிக்கொள்ளும். வருவார்களா, தெரியவில்லை. கேனைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். இந்த முறை அதை நாற்றங்காலுக்கும் வயலுக்கும் நடுவில், இருவரும் கடந்துபோகும் வரப்பில் வைக்கப் போகிறேன்.