அக்கா ஏன் ரம்புத்தானைக் கொன்றாள்

மாமாவுக்கு எதையும் தானாக முடிவு செய்யத் தெரியாது. சட்டை வாங்கப் போனாலும் இரண்டை எடுத்துவந்து எங்கள் முன்னால் பிடித்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்பார். அந்தக் குணம் சட்டையோடு நின்றிருந்தால் என் அக்கா கோலாலம்பூரில் படித்திருப்பாள்.

அவர் அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர். பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இன்டர்நெட் வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. மாமா தன் சம்பளத்தில் தனியாக ஒரு டெலிபோன் லைன் எடுத்து, அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரு விளையாட்டு நடத்தினார். கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருக்கும் எவரும் அந்த நம்பருக்கு அடித்தால் ஒரு ராஜ்ஜியத்துக்குள் நுழையலாம். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஒரு நேரத்தில் ஓர் ஆள், ஒரு நாளைக்கு ஒரு முறை. உள்ளே போய் மிருகத்தோடு சண்டை போடலாம், ஆடிவிட்டு வெளியே போனவரின் வீரன் அங்கே தூங்கிக்கொண்டிருப்பான், அவனைக் கொல்லலாம், அடுத்தவருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு வரலாம். தீவிலிருந்தும் அக்கரையிலிருந்தும் முப்பது பேர் வந்துபோனார்கள். வீட்டில் இருந்த நானும் அக்காவும் டெலிபோன் இல்லாமலே விளையாடினோம்.

எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. ஆறாம் படிவம் முடித்து, கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அப்பா இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத்தான் சம்மதித்தார். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். பேசுவது பினாங்குத் தமிழ், தின்பது நாசி கண்டார் சோறு. யாழ்ப்பாணம் என்பது பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அப்பாவுக்கு ஞாபகம் வரும். உன்னைப் பற்றி ஒரு பேச்சு என் காதில் விழுந்தாலும் படிப்பு அதோடு சரி என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்.

மாமா ஓட்டிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் பழசு. இடி இடித்து மின்சாரம் போனால் அன்றைய கணக்கெல்லாம் அழிந்துபோகும். அப்படித்தான் என் வெள்ளைக் குதிரை தொலைந்தது, நான் அழுது தீர்த்தேன். ஃபேக்டரி நண்பர் ஒருவர் வேறொரு சாஃப்ட்வேரை டிஸ்கெட்டில் கொடுத்தார். வழக்கம்போல மாமா முடிவெடுக்க முடியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். பழசு வேகமாக ஓடும். கடிதத்தைப் படித்ததும் அது அழிந்துவிடும். புதுசு கொஞ்சம் மெதுவானது. ஆனால் எதையும் தொலைக்காது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கும், நடத்துகிறவர் வேண்டும்போது திறந்து பார்க்கலாம். இன்னொன்று, புதுசில் கொல்லப்பட்டவன் அன்று முழுக்க உள்ளே வர முடியாது. மறுநாள்தான்.

"பழசே போதும்லா மாமா. ஸ்லோவா இருந்தா யார் வந்து விளையாடுவா?" என்றாள் அக்கா.

எனக்குக் குதிரைதான் கண்ணில் நின்றது. புதுசுதான் வேண்டும் என்றேன். ஒன்றுக்கு ஒன்று என்று ஆனதும் மாமா ஒரு வாரம் தவணை கொடுத்தார். அந்த வாரத்தில் அக்கா என்னைப் பினாங்கு ரோட்டுக்குக் கூட்டிப்போய்ச் செண்டோல் வாங்கிக் கொடுத்து, பழசுக்கே சம்மதிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். ஏன் என்று கேட்டேன். ஸ்லோவா இருக்கும் என்பதையே திரும்பச் சொன்னாள். நான் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் புதுசு என்றேன். சின்னப் பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று மாமா அதையே போட்டார்.

அக்காவுக்கு அந்த விளையாட்டில் ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. விளையாட்டில் அவர் பெயர் ரம்புத்தான். அக்காவின் பெயர் ராணி. அக்கரையில் செபராங் ஜெயாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்து, அங்கிருந்தே விளையாட்டுக்குள் வந்த தமிழ்ப் பையன், கெப்பாலா பத்தாஸ் பக்கம் லாரி ஓட்டுகிறவரின் மகன் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்கள் அப்பாவின் அகராதியில் அப்படிப்பட்டவர்கள் ஆட்களே அல்ல. எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

புதுசு வந்த மறுநாளே ஆச்சரியமான ஒன்று நடந்தது. எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கும் அக்கா, காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பியதும் உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த ரம்புத்தானைக் கொன்றாள். அடுத்த நாளும் கொன்றாள். அதற்கடுத்த நாளும். ராஜ்ஜியத்தின் செய்திப் பலகையில் தினமும் அதே வரி: ராணி ரம்புத்தானைக் கொன்றாள். நான் பள்ளி விட்டு வந்து அதைப் படித்துவிட்டு, பாவம் அந்த ஆள் என்ன செய்தான் என்று கேட்பேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முகம் இளைத்துப்போயிருந்தது. கல்லூரிக்குப் போகிற கவலை என்று அம்மா சொன்னாள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு மாமாவிடம் போய்ச் சொன்னேன். கோள் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நியாயம் கேட்பதாகத்தான் நினைத்தேன். மாமாவும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். நடத்துகிறவருக்கு உள்ள அதிகாரத்தை வைத்து ரம்புத்தானை எழுப்பி, ஒரு வாரத்துக்கு யாரும் அவனைத் தொட முடியாதபடி செய்தார். அன்று சாப்பிடும்போது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை அவள் முயன்று பார்த்தாள். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. மத்தியானம் ரம்புத்தான் உள்ளே வந்து ராணிக்குக் கடிதம் வைத்துவிட்டுப் போனான். அதுவரை மாமா ஒருவர் கடிதத்தையும் திறந்தவரல்லர், அடுத்தவன் கடிதம் எனக்கெதற்கு என்பார். இந்தச் சண்டைக்கு என்ன காரணம், யார் மேல் தப்பு என்று பார்க்கத்தான் அன்று திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நான் இரண்டு வரி படிப்பதற்குள் திரையை அணைத்துவிட்டார். நான் படித்தது முதல் வரியைத்தான். நான் என்ன தப்பு பண்ணேன், ஏன் என்னை உள்ள வர விட மாட்டேங்கற, என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தது.

மாமா சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா அடுப்பை அணைத்தாள். சாயங்காலம் அப்பா வந்தார். அடிக்கவில்லை, கத்தவுமில்லை. பல்கலைக்கழகத்துக் கடிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை அக்கா திரும்பப் பார்க்கவே இல்லை. அடுத்த தைக்குள், கிள்ளானில் அவளைவிடப் பதினாறு வயது மூத்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாமா கம்ப்யூட்டரை விற்றுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்.

பல வருடம் கழித்து மாமாதான் மீதியைச் சொன்னார். அந்தக் கடிதத்தில், நீ கே.எல். போனதும் நானும் அங்கே வேலை தேடிக்கொள்கிறேன் என்று இருந்ததாம். அதன் பிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. வீட்டு டெலிபோன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஒட்டிக்கொண்டு வராமல் அக்கா தெருமுனைக்குக்கூடப் போக முடியாது. எழுதாதே என்று எழுதினால் அதற்கும் ஒரு நகல் இருக்கும். அவன் வாயை மூடுவதற்கு அவளுக்கு இருந்த வழி அந்த ஒன்றுதான். அதற்காகத்தான் ஒவ்வொரு நாளும், அவன் கடை திறப்பதற்குள், அவனைக் கொன்றாள். அவனோ அவளுக்குத் தன் மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டான்.

பத்து வயதில் எனக்குப் புரிந்தது வேறு. விளையாட்டில் ஓர் ஆளைக் கொன்றதற்காகத்தான் வீட்டில் இத்தனை தண்டனை என்று நம்பினேன். தப்பு செய்தவள் அவள்தான், ஆனாலும் அப்பா கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறார் என்று தோன்றியது. அந்த வார இறுதியில், அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளுக்கு யோசனை சொன்னேன்.

"இனிமே யாரையும் கொல்ல மாட்டேன்னு அப்பாகிட்ட சாரி சொல்லுக்கா. விட்டுருவாரு."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சரிடி, சொல்றேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்ட நிம்மதியோடு நான் விளையாடப் போனேன்.