மகன்மார் நின்ற திரை

நான் வருடக்கணக்காகப் பாவிக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் பழைய திரைச்சூழலுக்கு இனி ஆதரவில்லையாம். கணினியைப் போட்டதும் கண்ணுக்குத் தெரிகிற பட்டை, படங்கள் எல்லாம் அதன் வேலைதான். பராமரிக்க ஆளில்லை என்று இன்று காலை அறிவித்திருந்தார்கள். நியாயமான காரணம். ஆனாலும் வாசிக்கும்போதே எனக்கு மீன் வாடை அடித்தது.

படிப்பு முடிந்து முதலில் வேலை பார்த்தது குருநகரில் ஒரு சின்னக் கணினிக் கடையில். வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிறவர்கள்தான் வாடிக்கை. பழைய கணினிகளுக்கு லினக்ஸைப் போட்டுவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் யாரும் எடுத்துத் திருத்திப் பாவிக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றிப் பிரசங்கம் வைப்பேன். மகனின் குரலைக் கேட்க வந்த சனம் பாவம், தலையாட்டும்.

சந்தையில் மீன் விற்றுவிட்டு நேரே வருவார் மேரியக்கா. அவர் எழும்பிப் போன பிறகும் விசைப்பலகை மணக்கும். கனடாவில் இருந்த மகனுக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். காத்திருக்கிற சனமும் காது கொடுக்கும். சாப்பிட்டியா, குளிரோ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். புருஷனுக்கு நோய் வருத்தம் கடுமை. மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம், ஊருக்குத் தெரிந்தால் குழம்பிவிடும். மகனுக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

“நீங்கள் பக்கத்திலை நிண்டா எனக்குக் கதை வராது தம்பி. நானே எடுக்க வழியில்லையோ?”

அந்தப் பழைய திரைச்சூழலில் எந்தப் படத்தையும் பொத்தானாக வைக்கலாம். மகனின் படத்தை வைத்தேன், அமத்தினால் அவனுக்கு அழைப்புப் போகும். காத்திருந்த சனத்தையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வெயிலில் நின்றோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த கிழமை எல்லோரும் ஆளுக்கொரு படத்தோடு வந்தார்கள். கொஞ்ச நாளில் குருநகரின் மகன்மார் பாதிப்பேர் திரையில் நின்றார்கள். ஒருவர் படத்தை அமத்தினால் மற்றவர்கள் வெளியே போவது கடையின் வழக்கமாயிற்று.

மேரியக்காவின் மகள் கலியாணம் நடந்தது. புருஷன் அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். கடையும் பிறகு பூட்டுப்பட்டது.

இன்று பின்னேரம் சந்தையில் அவரைக் கண்டு, அந்தத் திரை இனி இல்லையாம் என்றேன். மகன் இப்போது ஒவ்வொரு நாளும் போனில் எடுக்கிறானாம். மருமகள், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று கதைப்பார்களாம். சந்தோஷம்தானே என்றேன்.

“ஓம், சந்தோஷந்தான்,” என்றார், மீனை வெட்டிக்கொண்டே. “ஆனா தம்பி, நானும் அவனும் தனியக் கதைச்சது உங்கடை கடையிலைதான்.”