விமானத்துக்கு ஒரு புகை

ஈரத் தழையைத் தீயில் திணித்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி நின்றேன். அதுதான் விமானக் கம்பெனியில் என் உத்தியோகம். கொல்லிமலைமேல் மேகம் இல்லாத நாளில் உச்சியில் புகை போட வேண்டும். புகை தெரிந்தால் தபால் விமானம் மலையைத் தாண்டிப் போகும், தெரியாவிட்டால் சுற்றிக்கொண்டு போகும். முதலாளியின் மனம் தெரியாமல் வேலை பார்த்தவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோபம்

முதலில் விமானம் செவ்வாய்தோறும் வந்தது. பிறகு வெள்ளி என்றார்கள். அப்புறம் கிழமையே சொல்லவில்லை. ஒருநாள் நான் புகை போட்டுக்கொண்டிருக்க, விமானம் எங்கோ தூரத்தில், சமவெளிமேல் போனது. மிளகு மூட்டையை இறக்கிவைத்து இளைப்பாறிய வெள்ளையன் என்ற குடியானவரும் அதைப் பார்த்தார்.

"ஏனுங்க, அதுக்கு உங்களோட ஏதாச்சும் கோவமுங்களா?"

அடிவாரத்து ஏஜெண்டு

மலையிறங்கிப் போய், இந்த மாதம் எந்த வழி என்று கம்பெனி ஏஜெண்டைக் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"திருச்சியில கேட்டா மெட்ராஸைக் கேளுங்கறான். மெட்ராஸ்ல கேட்டா திருச்சியைக் கேளுங்கறான். நீ பாட்டுக்குப் புகையைப் போடப்பா, போறது போவட்டும்."

மற்ற புகைகள்

வேறு புகை விமானியைக் குழப்புமாம். விமானம் கடக்கும்வரை யாரும் காடு சுடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வெட்டிக் காயவிட்ட புதரை மழைக்கு முன் சுட்டால்தான் அந்தச் சாம்பலில் சாமை விதைக்க முடியும். மலைமேல் வாழவந்தி நாட்டு ஊர்களில் வீடுவீடாகச் சொன்னேன். சிரித்துவிட்டு அவரவர் காட்டைச் சுட்டார்கள். வெள்ளையனின் காடு உச்சிக்கு நேர் கீழே இருந்தது.

"உங்க பொழப்புக் கெடக்கூடாதுங்க. அது போவட்டும், பொறவு சுட்டுக்கறனுங்க" என்றார்.

பக்கத்துக் காட்டுக்காரர் விடவில்லை: "ஏண்டா வெள்ளையா, ஏரோப்ளேன்காரனுக்கு மச்சானாயிட்டியா?"

மழைக்குப் பிறகு

விமானம் வரவில்லை, மழை வந்தது. வெள்ளையனின் புதர் ஊறிக் கிடந்தது. மழை விட்ட பிறகு ஏஜெண்டிடமிருந்து ஆள் வந்தான்: மலைவழி போன மாதமே நிறுத்தப்பட்டுவிட்டதாம். அந்தக் கம்பெனியில் ஒழுங்காக நடந்த சேவை என் புகை ஒன்றுதான்.

வெள்ளையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் திண்ணையில் பாயை விரித்தார்.

"போற வழி அவுங்களுக்கே தெரியலீன்னா, உங்களுக்கெப்பிடிங்க தெரியும்? உக்காருங்க."

உள்ளே அவர் மனைவி, விதைக்கென்று கட்டிவைத்திருந்த சாமையை உரலில் கொட்டிக் குத்தத் தொடங்கினாள்.