மல்லாங்கிணறு தனலட்சுமி அக்காவும் இரண்டு சர்வர்களும்

தனலட்சுமி அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள். அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை...

தொண்ணூறுகளின் நடுவில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு நூல் மில். அதன் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நானும் அக்காவும் ஆபரேட்டர்கள்.

மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வருவார். எவனாவது ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடித்திருந்தால், துண்டை எடுத்து அழகாக மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். அப்படி ஒரு ஆள்!

அந்த வருட ஆயுத பூஜையைச் சொல்லியே ஆக வேண்டும்.

பூஜைக்கு மில்லில் எல்லா மிஷினையும் நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்து மறுபூஜை முடித்துத்தான் ஓட விடுவார்கள். எங்கள் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தாயான சர்வருக்கும் அதே மரியாதைதான்.

மறுபூஜை முடிந்து, பொரிகடலை வாயில் இருக்கும்போதே கம்ப்யூட்டரைப் போட்டோம். யாராலும் உள்ளே போக முடியவில்லை. பெயரை அடித்தால், அப்படி ஒரு ஆளே கிடையாது என்கிறது. எனக்கு, அக்காவுக்கு, அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கு... எல்லோருக்கும் அதே கதை.

வாசலில் தூத்துக்குடிக்குப் போகிற நூல் லோடு லாரி. பில் அடிக்காமல் நகர முடியாது.

மேனேஜர், சர்வர் சப்ளை பண்ணின மதுரை ஆளுக்குப் போன் போட்டார். அவர் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உள்ள இருந்த பேரெல்லாம் அழிஞ்சிருச்சு சார். மொத்தமாத் தொடச்சிட்டுப் புதுசா லோடு பண்ணணும். பெட்டிய வேன்ல அனுப்பிவிடுங்க."

மொத்தமாகத் துடைப்பதா! மில்லின் கணக்கு, ஸ்டாக் எல்லாம் அதில்தானே இருக்கிறது. நகல் எடுத்து வைக்கிற பேக்கப் டேப்பை நம்ப முடியாத காலம் வேறு.

முதல் நாள் சர்வரை நிறுத்தியது அக்கா. பழி அவர் தலையில் விழுந்தது. அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"நீதாம்மா ஒழுங்கா நிறுத்தல. ரூம் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. வேலைக்கு வரணுமா வேண்டாமான்னு பெறகு சொல்றேன்" என்றார் மேனேஜர்.

அக்கா சர்வர் ரூம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் முறையாத்தான் சார் நிறுத்துனேன். என்ன கோளாறுன்னு நான் பாக்காம பெட்டி இந்த வாசலத் தாண்டாது."

"ஏம்மா, வேன் வந்து நிக்குது!"

"நிக்கட்டும் சார். டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க."



அக்கா பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். கறுப்பு ஸ்கிரீனில் எஸ்-லிஸ்ட் என்று ஒரு கமாண்ட். நெட்வொர்க்கில் எந்தெந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று பெயர் பெயராகக் காட்டும். உள்ளே நுழையாமலே அடிக்கலாம்.

எங்களிடம் ஓடுவது ஒரே சர்வர். ஸ்கிரீனில் இரண்டு பெயர்.

"ஏலே... மில்-ஒண்ணு எங்கிட்டிருந்துலே வந்துச்சு?"

மில்-ஒன்று, நாங்கள் எப்போதோ ஸ்டோர்ஸில் ஓரங்கட்டிய பழைய சர்வர். அதிலிருந்த எங்கள் பெயர்களையெல்லாம் அப்போதே அழித்தாகிவிட்டது. இப்போது ஓடுவது மில்-இரண்டு.

அக்கா தன் பெயருக்கு முன்னால் மில்-இரண்டு என்று சேர்த்து அடித்தார். உள்ளே போய்விட்டது! ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் எல்லாம் அப்படியே இருந்தது.

ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். அங்கே பழைய பெட்டி மாலையும் பொட்டுமாக ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரங்கட்டியபோது நெட்வொர்க் ஒயரை யாரும் கழற்றவில்லை.

"மறுபூஜைக்கு எல்லாத்தையும் ஒரு ஓட்டு ஓட்டிரணும்ல தம்பி... இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் ஸ்டோர்கீப்பர் அண்ணாச்சி.

எங்கள் கம்ப்யூட்டர்கள் முதலில் பதில் சொல்கிற சர்வரோடு போய் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு முந்திக்கொண்டது, எங்களில் ஒருவரையும் தெரியாத அந்தக் கிழம். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய்த் துடைக்கப் பார்த்தார்கள்!

பழைய பெட்டியை அணைத்தோம். பில் அடித்தோம். லாரி கிளம்பியது. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, போயி வேலையப் பாரு" என்றார்.

அக்கா போகவில்லை. தன்னை நிரந்தரமாக்கும் ஆர்டரைத் தானே டைப் அடித்துப் பிரின்ட் எடுத்தார். மேனேஜர் மேஜையில் வைத்து, பேனா மூடியையும் கழற்றி நீட்டினார்.

"வரணுமா வேண்டாமான்னு பெறகு சொல்றேன்னீகல்ல சார். இப்பச் சொல்லுங்க."

மனுஷன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். என் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, "அழுகுறதுன்னா வெளிய போயி அழுதுட்டு வாலே" என்று அதட்டினார். நிஜமாகவே வெளியே போய் அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

மல்லாங்கிணற்றுக்குக் கிளம்பிவிட்டேன்.

இன்னைக்கு வெளிய போக மாட்டேன்க்கா. ஒங்க பக்கத்துலயே நின்னுதான் அழுவேன்... வாரேன்.