மரைக்காயர் சரியாகத்தான் எழுதினார்

செவ்வாய்க்கிழமை காலை சிராங்கூன் ரோட்டில் டிராமுக்குக் காத்திருந்தேன். வெற்றிலைக் கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்களோட வக்கீல் ஆபீஸ்ல இருந்தாரே லத்தீப் மரைக்காயர், காலையில மவுத்தாயிட்டாராம். மத்தியானம் அடக்கம்.”

கடையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். “எந்த மரைக்காயர்? காசு வாங்கிக்கிட்டு மாட்டுக்காரங்க பத்திரத்தைக் கெடுத்தானே, அவனா?”

அதற்குப் பதில் சொல்ல இந்த ஊரில் ஒரே ஒருவனால்தான் முடியும். அவன் டிராம் வந்ததும் ஏறிப் போய்விட்டான். அந்த ஒருவன் நான். மரைக்காயரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதும்படி நண்பர்கள் கேட்கிறார்கள். நல்லவிதமாக எழுதுவதற்கு முன்னால் உண்மையை எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே வெள்ளைக்கார வக்கீலின் ஆபீஸில் ஏழு வருஷம் அருகருகே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவர் ஆங்கிலத்தில் வரைவு எழுதுவார், கட்சிக்காரர்களுக்குத் தமிழிலும் மலாயிலும் படித்துச் சொல்வார். நான் நகல் குமாஸ்தா. அவர் எழுதியதை முத்திரைத் தாளில் அழகாக எழுதிக் கொடுப்பது என் வேலை. நாகப்பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். ஆனாலும் ஆங்கிலத்தில் அவர் பக்கத்தில் நிற்கக்கூட எங்களில் யாருக்கும் யோக்கியதை கிடையாது. அது எங்களுக்குத் தெரியும் என்பதால்தான் அவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் மனு எழுதுகிறவர்களுக்கு ‘என்டயர்டி’ என்ற சொல்லின் மேல் ஒரு மோகம் இருந்தது. முழுமை என்று அர்த்தம். சொல் கனமாக இருப்பதால் கண்ட இடத்தில் போடுவார்கள். ஒரு தடவை துறைமுகக் கூலி ஒருவர், வெளியே யாரோ எழுதிக் கொடுத்த மனுவைக் கொண்டுவந்தார். ‘என்டயர்டியில் தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று அது முடிந்திருந்தது. மரைக்காயர் அந்தச் சொல்லை அடித்தார்.

“ஏங்க, நல்லாத்தானே இருக்கு?” என்றார் வந்தவர்.

“முழு ஆளா இருக்கேன்னு எழுதியிருக்கு. உங்களுக்குக் கை கால் போயிடுச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

அவர் சிரிக்காமல்தான் அதைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளை, இந்தச் சொல்லு தனியா நிக்காது. எதோட முழுசுன்னு கேக்கும். அதுக்குப் பதில் இருந்தாத்தான் எழுதணும்” என்றார். அது எனக்குச் சொன்ன பாடம் இல்லை. சத்தமாக யோசிப்பது அவருக்குப் பழக்கம்.

பத்திரத்து விஷயம் இதுதான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் பதினொரு குடும்பங்கள் எருமை வைத்துப் பால் கறந்து பிழைத்தன. எருமைகள் கிடக்க ஒரு குளம், அதை ஒட்டி மேய்ச்சல் நிலம், நிலத்தின் மேல் அவர்களுடைய கொட்டகைகளும் வீடுகளும். நிலச் சொந்தக்காரர் இருபது வருஷக் குத்தகைக்குச் சம்மதித்தார். மாட்டுக்காரர்கள் சார்பில் மாரிமுத்துக் கோனார் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். “எங்களுக்கு எழுத்துத் தெரியாது. நிலமும் குளமும் ஒரு சாண் குறையாம எங்களுக்குன்னு இருக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

மரைக்காயர் அப்படியே எழுதினார். நிலமும் குளமும் ‘இன் தெயர் என்டயர்டி’. இரண்டும் முழுவதுமாக என்று அர்த்தம். என் மேஜைக்கு வந்த வரைவில் ‘தெயர்’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.

தலைமைக் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, “ஆபீஸ் ஃபாரத்துல ‘இன் இட்ஸ் என்டயர்டி’ன்னுதானே இருக்கு? இவர் என்ன புதுசா மாத்துறார்?” என்றார்.

மரைக்காயர் எழுந்து வந்தார். “அந்த ஃபாரம் ஒரு வீட்டுக்கு எழுதினது. ஒண்ணுன்னா ‘இட்ஸ்’ சரி. இங்கே ரெண்டு இருக்கு. நிலமும் குளமும்னு எழுதிட்டு ‘இட்ஸ்’ போட்டா, அது கடைசியில இருக்கிற குளத்தை மட்டும் பிடிச்சுக்கும். நிலம் முழுசான்னு கேட்டா காயிதத்துல பதில் இருக்காது.”

“துரை பார்த்துச் சரின்னு சொன்ன ஃபாரம் அது. உங்களுக்குத் துரையைவிட இங்கிலீஷ் தெரியுமோ?”

“இந்த இடத்துல தெரியும்” என்றார் மரைக்காயர்.

தலைமைக் குமாஸ்தாவின் முகம் கறுத்தது. அவர் பேச்சை மரைக்காயரிடம் முடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். “பிள்ளை, ஃபாரத்துல இருக்கிற மாதிரி எழுதுங்க.” எழுதினேன். நிலம் சம்பந்தமான வேறொரு வேலைக்காக மரைக்காயர் அன்று மத்தியானமே ஜொகூருக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வருவதற்குள் பத்திரத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

மூன்றாம் வருஷம் நிலத்தின் விலை ஏறியது. சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார். குளம் முழுவதும் அவர்களுக்குத்தான், நிலத்தில் குளத்துக்குப் போகிற வழி மட்டும்தான் என்று அவருடைய வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். ஜெயித்தார். பதினொரு வீடுகளையும் அவற்றைக் கட்டியவர்களே பிரித்தார்கள்.

கோனாரும் இன்னும் நாலைந்து பேரும் ஆபீஸுக்கு வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. “இதை எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க, போயிடுறோம்” என்றார் கோனார்.

“வரைவு மரைக்காயர் எழுதினது” என்றார் தலைமைக் குமாஸ்தா.

மரைக்காயர் நிதானமாகவே பேசினார். “நான் எழுதினது வேற. மாத்திட்டாங்க. என் வரைவு பிள்ளைகிட்ட இருக்கு, அவர் மேஜையில. கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரைவு என் முழங்காலுக்கு எதிரே, இழுப்பறையில் இருந்தது. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். இன்னொரு ஆபீஸில் எனக்கு வேலை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இவை காரணங்கள், இவற்றைச் சொல்வதால் எதுவும் குறைந்துவிடாது. “எனக்கு ஞாபகமில்லை” என்றேன்.

கோனார் மரைக்காயரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எவ்வளவு வாங்கினீங்க பாய்?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் தலைமைக் குமாஸ்தா கையை நீட்டினார். நான் வரைவை எடுத்துக் கொடுத்தேன். மரைக்காயருக்கு அந்த வாரமே சீட்டுக் கிழிந்தது. வேறு எந்த வக்கீலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போலீஸ் கோர்ட்டுக்கு எதிரே, கடையோர நடைபாதையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மனு எழுத உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரைகுறைகளிடம் கூட்டம் நிற்கும். இந்த ஊரிலேயே மிகச் சரியான ஆங்கிலம் எழுதிய மனிதர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தமிழர்கள் கூசாமல் அவரைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார்கள். அவரை இன்று புகழ்ந்து பேசத் தயாராயிருப்பவர்களில் சிலரை நான் அந்த நடைபாதையில் பார்த்திருக்கிறேன். எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள், மனசு தாங்காமல், கம்போங் கிளாமில் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். அவர் மனைவி தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். நடந்ததையெல்லாம் நான் ஒப்புக்கொண்டேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அவர் முழுவதும் கேட்டார்.

“இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க பிள்ளை? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மனுவில் தப்பான இடத்தில் கிடக்கும் சொல்லை நகர்த்திப் போடுகிற குரல் அது. சரி என்று தலையாட்டினேன். போகவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் அவர் இருந்தார். ஒரு தடவைகூட ஆள் அனுப்பிக் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மண் போட்ட பிறகு அவர் மருமகன் என்னிடம், “மாமாவுக்கு நீங்க சிநேகிதரா?” என்று கேட்டார். கூட வேலை பார்த்தவன் என்றேன்.

அங்கிருந்து நேராகக் கோனார் வீட்டுக்குப் போனேன். இப்போது காலாங் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டே எருமைகளுடன் இருக்கிறார். நின்றபடியே சொன்னேன். வரைவில் இருந்தது என்ன, மாற்றியது யார், எழுதிய கை எது, ஞாபகமில்லை என்று சொன்னது ஏன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எருமையின் முதுகில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“அவர் காசு வாங்கலையா?”

“இல்ல கோனாரே.”

“பதினோரு வருஷம் அந்த ஆளைக் கோர்ட்டு வாசல்ல பாக்கும்போதெல்லாம் காறித் துப்பியிருக்கேன்.” எருமையைத் தறியில் கட்டினார். “எங்க அடக்கம் பண்ணியிருக்காங்க?”

இடத்தைச் சொன்னேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். என்னைக் கூட வரச் சொல்லவில்லை.

மரைக்காயரின் கையெழுத்து ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை; இருந்த ஒன்றை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் எனக்கு விட்டுப்போனது, தெரியாதவர்களிடம் போய்ச் சொல்லும் அந்த வேலை மட்டும்தான். மீதிப் பத்துக் குடும்பங்களில் இரண்டு சாங்கிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் இருப்பதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மற்றவர்கள் இருக்குமிடம் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். அதுவரை, அவர்களில் யாரையாவது பார்க்கிறவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள்.